மின்சார மேளமே, சற்றே விலகி இரும்

(பினாங்கில், கோயில் மண்டபமொன்றில் ஆற்றிய உரை)

அவைத்தலைவர் டத்தோ அவர்களே, கோயில் தலைவர் அவர்களே, செயலாளர், பொருளாளர் அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, நாதஸ்வர, தவில் வித்துவான்களே, பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி பிடித்து வந்திருக்கும் பெரியவர்களே, வணக்கம். வேறு நிகழ்ச்சி இருந்தும் கடைசிவரை இருப்பதாக டத்தோ அவர்கள் சொல்லியிருக்கிறார். அவருக்கும், வாடகை வாங்காமல் மண்டபம் தந்த நிர்வாகத்துக்கும் மனமார்ந்த நன்றி.

"பாடப் பாட ராகம், மூட மூட ரோகம்" என்பார்கள். மாலை ராகம் கேட்பதைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். மூன்று விஷயங்கள் சொல்கிறேன்: ராகம், அதன் நேரம், கேட்கும் மனம்.

மாலை ராகமான பூர்விகல்யாணியை எடுத்துக்கொள்வோம். கல்யாணி உங்களுக்குத் தெரியும். அதில் ரிஷபத்தை, அதாவது "ரி" என்ற சுரத்தை மட்டும், உயர்ந்த சதுச்ருதி நிலையிலிருந்து தாழ்ந்த சுத்த நிலைக்கு இறக்குங்கள். மற்ற சுரங்கள் அதேதான். ஆனால் மலர்ச்சி இருந்த இடத்தில் ஏக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். காந்தாரமாகிய "க"வில் நின்று நின்று, ஷட்ஜமாகிய "ஸ"வுக்கு இறங்கும் வழியில் அந்த ரிஷபத்தைத் தொடுவார்கள். அந்த இடத்துக்குக் காத்திருங்கள், ராகம் பிடிபட்டுவிடும்.

கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தன் கதையில் ஒரு பாட்டுக்கு இந்த ராகத்தைத்தான் எடுத்தார். நந்தன் யார்? பண்ணையாள். நம் தாத்தா பாட்டி தோட்டத்தில் உழைத்த மாதிரி, அடுத்தவன் வயலில் உழைத்தவன். திருப்புன்கூருக்கு நடந்து போகிறான். சாதியைச் சொல்லி உள்ளே விடமாட்டார்கள். வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறான், எதிரே மலை மாதிரி நந்தி! இந்தப் பக்கம் சாய்கிறான், தெரியவில்லை. அந்தப் பக்கம் சாய்கிறான், தெரியவில்லை. வந்த தூரமெல்லாம் வீணா என்று கண் கலங்குகிறது. அப்போது சிவனே நந்தியிடம் சொல்கிறார்: "சற்றே விலகி இரும் பிள்ளாய்." ஐயா, அதட்டவில்லை! "சற்றே" என்கிறார். அந்தக் கெஞ்சல் பூர்விகல்யாணியில் வரும்போது கல்லும் நகரும். திருப்புன்கூரில் இன்றைக்கும் நந்தி விலகித்தான் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

சரி, நேரம். 1982 பிறந்தபோது நம் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளினார்கள். இங்கே பொழுது சாய ஏழு மணிக்கு மேல் ஆகிறது. அந்த நேரத்தில் நம் கோயில்களில் என்ன கேட்கிறது? மின்சார மேளத்தின் சுவிட்சைத் தட்டுகிறார்கள், மோட்டார் சுற்றுகிறது, தகரத்தில் கோல் அடிக்கிறது, மணி அலறுகிறது. வித்துவான் நாதஸ்வரத்தை உறையில் போட்டு ஓரமாக நிற்கிறார். குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. அன்றைக்கு மின்சாரம் ஏது? ஆள் கொட்டினால்தான் மேளம்.

கேட்கும் மனம் பிறகு வரட்டும், முதலில் காதுக்கு ராகம் வரட்டும். பாடப் பாட ராகம், மூட மூட ரோகம்! உறைக்குள் மூடியிருக்கும் நாதஸ்வரத்துக்கும் அதுதான் கதி.

நிர்வாகத்தினரே, வெள்ளிக்கிழமை சாயரட்சையில், அந்த மாலைப் பூசையில் மட்டுமாவது அந்த இயந்திரத்தை நிறுத்துங்கள். பூசைக்கு முன் அரைமணி நேரம் ஒரே ராகம், நாதஸ்வரத்தில். வித்துவானுக்கு உரிய சம்பளம். தலைமையாசிரியர் அம்மா பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைக்கட்டும். வாசல் மேசையில் மனு இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. முதல் கையெழுத்தை டத்தோ அவர்கள் போட வேண்டும் என்று இந்தச் சபையின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.