அலுவலகக் கடிதத்தை ஏஐ எழுத வேண்டாம், படிக்கட்டும்

வணக்கம். அலுவலக எழுத்துக்கு எந்த ஏஐ கருவி நல்லது என்று பலர் தொடர்ந்து கேட்கிறீர்கள். சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட், கோபைலட் என்று எதை வைத்திருந்தாலும் சரி, அதைக் கடிதம் எழுத விடாதீர்கள். நீங்கள் எழுதியதைப் படிக்கச் சொல்லுங்கள். ஏன் என்று காட்டுகிறேன், திரையைப் பாருங்கள்.

இது வாடிக்கையாளருக்குப் போகவேண்டிய ஒரு மின்னஞ்சலின் வரைவு: "சோதனையில் இரண்டு பிழைகள் தெரியவந்ததால் மென்பொருளை இந்த வாரம் ஒப்படைக்க முடியவில்லை. வரும் வியாழன் மாலைக்குள் அனுப்பிவிடுகிறோம். அதுவரை பழைய பதிப்பையே பயன்படுத்துங்கள்." கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கிறது. "இதை நல்ல அலுவலக நடையில் மாற்றிக் கொடு" என்று கேட்கிறேன். வந்ததைப் படிக்கிறேன்: "எதிர்பாராத தொழில்நுட்பக் காரணங்களால் ஏற்பட்ட தாமதத்திற்கு மனமார வருந்துகிறோம். தங்களுக்குச் சிறந்த சேவை வழங்குவதில் உறுதியாக உள்ளோம். விரைவில் தங்களைத் தொடர்புகொள்வோம்."

வியாழக்கிழமை எங்கே போயிற்று? என்ன பிழை, அதுவரை எதைப் பயன்படுத்துவது? வாடிக்கையாளருக்குத் தேவையான அத்தனையும் காணாமல் போய்விட்டது. இந்தக் கருவிகள் ஏராளமான எழுத்தைப் படித்துப் பழகி, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுகின்றன. அலுவலக நடை என்று பொதுவாகக் கேட்டால், எல்லா அலுவலகங்களிலும் தேய்ந்துபோன வாக்கியங்கள்தான் முதலில் வந்து நிற்கும்.

இப்போது அதே வரைவுக்கு வேறு கட்டளை தருகிறேன்: "நீதான் அந்த வாடிக்கையாளர். இதைப் படித்ததும் உனக்கு எழும் கேள்விகளை மட்டும் கேள். எதையும் திருத்தி எழுதாதே." பதிலைப் பாருங்கள். "பழைய பதிப்பிலும் அந்தப் பிழைகள் உண்டா? நான் ஏற்கெனவே பதிவுசெய்த தரவுகள் பத்திரமாக இருக்குமா? வியாழன் என்பது உறுதியான நாளா?" அந்த முதல் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எழுதுபவருக்கு விடை தெரியும், அதனாலேயே அதைச் சொல்லத் தோன்றாது. "பழைய பதிப்பில் இந்தப் பிழைகள் இல்லை, உங்கள் தரவுகளுக்குப் பாதிப்பில்லை" என்று சேர்த்துவிட்டால், வாடிக்கையாளர் பதற்றத்தோடு தொலைபேசியில் அழைக்க வேண்டியிருக்காது.

எழுத்துப் பிழை பார்க்கும் வேலையைத் தாராளமாகக் கொடுங்கள். தமிழில் மட்டும் ஒற்று மிகும் இடங்களை ஒருமுறை நீங்களே சரிபார்த்துவிடுங்கள், அங்கே இந்தக் கருவிகள் தடுமாறுகின்றன.

2023-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வைச் சிலர் எடுத்துக்காட்டுவீர்கள். ஷாக்கெட் நோய் (Noy), விட்னி ஜாங் என்ற இரு ஆய்வாளர்கள் செய்தது. சாட்ஜிபிடியைப் பயன்படுத்தியவர்களுக்கு எழுதும் நேரம் சராசரியாக 40 சதவீதம் குறைந்தது, தரம் 18 சதவீதம் உயர்ந்தது. நல்ல ஆய்வு, நானும் மதிக்கிறேன். ஆனால் அங்கே கொடுக்கப்பட்ட வேலைகளுக்கு ஒரு நிறுவனத்தின் உள்விவரமோ ஒரு வாடிக்கையாளரின் முன்கதையோ தேவைப்படவில்லை. நம் கடிதங்களில் பாதிக்குமேல் அதுதானே இருக்கிறது!

விவரங்களை ஏஐயிடம் கேட்டு வாங்காதீர்கள். அதே 2023-இல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனு தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. வாடிக்கையாளர் பெயர், சம்பளம், ஒப்பந்தத் தொகை போன்றவற்றை நீக்கிவிட்டே வரைவை ஒட்டுங்கள். உங்கள் நிறுவனம் எந்தக் கருவியை அனுமதிக்கிறது என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்குக் கீழே பணிபுரிபவரைப் பற்றிய ஆண்டு மதிப்பீட்டை மட்டும் தயவுசெய்து முழுக்க நீங்களே எழுதுங்கள். ஓர் ஆண்டு உழைப்பைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள்தான்.

அந்தக் கேள்வி கேட்கும் கட்டளையை வீடியோவுக்குக் கீழே கொடுத்திருக்கிறேன். 'வாடிக்கையாளர்' என்ற இடத்தில் உங்கள் மேலாளரையோ கணக்குப் பிரிவையோ போட்டுக்கொள்ளலாம். நாளை அனுப்பவிருக்கும் ஒரு மின்னஞ்சலிலேயே முயன்று பாருங்கள்.