மனைவியிடமும் சொல்லாத நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

2009 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, இங்கிலாந்தின் தென்மேற்கில் வெல்ஸ் என்ற சிறு நகரத்தில் பேராலயத்து மணி 111 முறை ஒலித்தது. வயதுக்கு ஒரு மணி என்று கணக்கு. சவப்பெட்டியைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் தோளில் சுமந்து வந்தார்கள். பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி நாட்டுச் சிப்பாய்களும் கூடவே நடந்தார்கள். ராணுவ மரியாதை என்றதும் நமக்குத் துப்பாக்கி முழக்கம்தான் நினைவுக்கு வரும். அன்று அங்கே ஒரு துப்பாக்கி இல்லை. சடங்குக்காக இடுப்பில் கட்டும் வாள்கூட இல்லை. தன் இறுதிப் பயணத்தில் ஆயுதம் எதுவும் இருக்கக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அவர் பெயர் ஹாரி பேட்ச். தொழில், பிளம்பர். முதல் உலகப்போரில் ஐரோப்பாவின் பதுங்குகுழிகளில் நின்று சண்டையிட்டவர்களில் கடைசியாக உயிரோடிருந்த மனிதர் அவர்தான்.

1898 ஜூன் 17-ஆம் தேதி, பாத் நகரத்தை ஒட்டிய கூம் டவுன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா கல் கொத்தனார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் 15 வயதில் பிளம்பர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அண்ணன் ஏற்கெனவே போருக்குப் போய்க் காயம்பட்டுத் திரும்பியவர். அங்கே என்ன நடக்கிறது என்று தம்பிக்கு உள்ளபடியே சொல்லியிருந்தார். அதனால் ஹாரிக்கு ராணுவ ஆசையே கிடையாது. கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது, 1916 அக்டோபரில் பிடித்துக்கொண்டு போனார்கள். விரும்பிப் போகாதவர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

1917-இல் பெல்ஜியத்தில் பாஷன்டேல் சண்டை. அந்தப் பக்கம் தாழ்வான களிமண் பூமி. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துத்தான் அங்கே விவசாயம் நடக்கும். பீரங்கிக் குண்டுகள் விழுந்து அத்தனை வாய்க்காலும் நாசமாகிவிட்டன. அந்த வருடம் மழையும் விடாமல் கொட்டியது. குண்டு விழுந்த பள்ளமெல்லாம் குட்டையானது. காயம்பட்டு விழுந்தவர்கள் சேற்றிலேயே மூழ்கிச் செத்தார்கள்.

லூயிஸ் என்ற இயந்திரத் துப்பாக்கியை இயக்குகிற ஐந்து பேர் கொண்ட குழுவில் ஹாரி இருந்தார். சுடுவது இன்னொருவர். இவர் உதிரிப் பாகங்களைச் சுமந்து கூடவே ஓட வேண்டும். துப்பாக்கி சிக்கிக்கொண்டால் உடனே கழற்றிச் சரிசெய்ய வேண்டும். குழாய் வேலை பழகிய கைக்குப் பொருத்தமான வேலைதான்.

லாங்மார்க் என்ற இடத்தில் தாக்குதல் நடந்தபோது, அவர் முன்னேறிப் போகிற வழியில் ஒரு சிப்பாய் கிடந்தான். குண்டுச் சிதறல் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் அவன் உடம்பைக் கிழித்திருந்தது. என்னைச் சுட்டுவிடு என்று கெஞ்சினான். இவர் ரிவால்வரை எடுப்பதற்குள் உயிர் போய்விட்டது. போகிற நேரத்தில் அவன் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை, "அம்மா". அது வலியில் கூப்பிட்ட கூப்பாடாகத் தெரியவில்லை, அம்மாவை எதிரிலேயே பார்த்துவிட்டவன் குரலாக இருந்தது என்று ஹாரி 100 வயதுக்குப் பிறகு சொன்னார். அந்தக் குரலை அவ்வளவு காலம் காதில் வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்.

அதே களத்தில் ஒரு ஜெர்மன் சிப்பாய் துப்பாக்கி முனையில் பொருத்திய பயனெட் கத்தியை நீட்டியபடி இவர்களை நோக்கி ஓடி வந்தான். ஹாரி அவன் தோளில் சுட்டார். துப்பாக்கி கீழே விழுந்தது, ஆனாலும் அவன் நிற்கவில்லை. நெஞ்சில் சுட்டிருக்கலாம். இவர் காலைப் பார்த்துச் சுட்டார். முடிந்தவரை யாரையும் கொல்வதில்லை என்று அந்த ஐந்து பேரும் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்களாம். கொன்றே ஆக வேண்டும் என்று ஏவப்பட்ட இடத்தில், இருபது வயதைத் தொட்டும் தொடாத பையன்கள் எடுத்த முடிவு இது! எனக்கு இதைவிடப் பெரிய வீரம் தெரியாது.

1917 செப்டம்பர் 22, இரவு. முன்வரிசையிலிருந்து பின்னால் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே ஒரு குண்டு வெடித்தது. ஐந்து பேரில் மூன்று பேர் அந்த இடத்திலேயே போனார்கள். புதைப்பதற்கு உடம்புகூட மிஞ்சவில்லை. ஹாரிக்கு இடுப்புக்குக் கீழே ஒரு துண்டு பாய்ந்தது. மயக்க மருந்து தீர்ந்துபோயிருந்ததால், நான்கு பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடிக்க, டாக்டர் அதை வெட்டி எடுத்தார். ஞாபகமாக வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டாராம். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார் ஹாரி. அந்த மூன்று பேர் மட்டும் முன்பே செத்திருந்தால் அந்த ஜெர்மன்காரனை நான் கொன்றிருப்பேன் என்று பிற்பாடு ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்காகவே இந்த மனிதரை எனக்கு இன்னும் பிடிக்கிறது.

காயம் ஆறுகிற காலத்தில்தான் ஏடா என்ற பெண்ணைச் சந்தித்தார். 1919-இல் திருமணம். இரண்டு மகன்கள். பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் பிளம்பர் வேலை. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் பெரிய கோபுரக் கட்டடத்திலும் வேலை பார்த்திருக்கிறார். இரண்டாம் உலகப்போர் வந்தபோது தீயணைப்புப் படையில் சேர்ந்தார். 1942-இல் பாத் நகரத்தில் குண்டு விழுந்தபோது நெருப்பை அணைக்கப் போனவர்களில் அவரும் ஒருவர். 1963-இல் ஓய்வு பெற்றார்.

1976-இல் ஏடா இறந்தார். கிட்டத்தட்ட அறுபது வருட தாம்பத்தியம். அவ்வளவு காலத்தில் அந்த செப்டம்பர் 22 பற்றி மனைவியிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பிள்ளைகளிடமும் பேசவில்லை. போர்ப் படங்கள் பக்கமே போக மாட்டார்.

மிலிட்டரிக்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்த மௌனம் நன்றாகத் தெரியும். எங்கள் அப்பாவும் பட்டாளத்தில் இருந்தவர்தான். லீவு முடிந்து ரயில் ஏறின கதை, பனியில் ஷேவிங் தண்ணீர் உறைந்த கதை, மெஸ்ஸில் சப்பாத்தி சுட்ட கதை எல்லாம் சொல்லுவார். கதை சண்டைக்குப் பக்கத்தில் வந்ததும் எழுந்து கொல்லைப்புறம் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார். அப்போதுதான் காட்டியிருப்பார், மறுபடியும் காட்டுவார். சின்ன வயதில் எனக்கு அது கோபமாக வரும். ஹாரி பேட்ச் வாழ்க்கையைப் படித்த பிறகு, அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு அப்பா நடந்த நடை வேறு மாதிரி ஞாபகத்துக்கு வருகிறது.

ஹாரி கடைசி வருடங்களை முதியோர் இல்லத்தில் கழித்தார். அவருடைய அறைக்கு எதிரே, படுக்கை விரிப்புகளை அடுக்கி வைக்கிற ஒரு சிறு அறை. ராத்திரியில் ஊழியர்கள் அங்கே விளக்கைப் போட்டால் அந்த வெளிச்சம் சட்டென்று இவர் கண்ணில் அடிக்கும். தூக்கக் கலக்கத்தில் அவருக்கு அது குண்டு வெடிக்கிற வெளிச்சம். எண்பது வருடம் கழித்தும்!

1998-இல் அவருக்கு 100 வயது ஆனபோது, போரைப் பற்றிய நிகழ்ச்சிக்காக அவரைத் தேடி வந்து கேட்டார்கள். அப்போதுதான் பேச ஆரம்பித்தார். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். சொல்ல ஆள் இல்லாமல் போய்விடும் என்ற நிலை வந்த பிறகுதான் வாய் திறந்தார். திறந்த பிறகு சுற்றி வளைக்கவில்லை. எந்தப் போரும் ஒரு உயிருக்கு ஈடாகாது என்றார். போர் முடிந்த நாளான நவம்பர் 11-ஆம் தேதி நடக்கிற நினைவு அணிவகுப்பெல்லாம் வெறும் காட்சி என்றார். அவருடைய நினைவு நாள் செப்டம்பர் 22. அந்த மூன்று பேருக்கான நாள்.

2004-இல் அவரை பெல்ஜியத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே சார்ல் குன்ட்ஸ் என்ற 107 வயதுக்காரரைச் சந்தித்தார். அதே பாஷன்டேலில் ஜெர்மன் தரப்பில் நின்றவர். ஒருவர் பேசுகிற பாஷை மற்றவருக்குத் தெரியாது. ஹாரி தன் ஊர் ஆப்பிள் மது ஒரு பாட்டில் கொண்டு போயிருந்தார். குன்ட்ஸ் தன் ஊர் பிஸ்கட் ஒரு டப்பா கொண்டு வந்திருந்தார். மாற்றிக்கொண்டார்கள். சொந்தக்காரர் வீட்டுக்கு நாம் வெறுங்கையோடு போக மாட்டோம் இல்லையா, அதே மாதிரி.

இரண்டு மகன்களும் அவருக்கு முன்பே இறந்துபோனார்கள். ஏடாவுக்குப் பிறகு மணந்த மனைவியும் இறந்தார். முதியோர் இல்லத்தில் டோரிஸ் என்ற பெண்மணி அவருக்குத் துணையாக இருந்தார். அவரும் 2007-இல் போய்விட்டார். நீண்ட ஆயுள் என்று நாம் வாழ்த்துகிறோமே, அதற்குள் இவ்வளவு பேரை வழியனுப்புகிற வேலையும் இருக்கிறது.

தன் வாழ்க்கையைச் சொல்லி எழுதிய புத்தகத்தில் கிடைத்த பணத்தை ஹாரி கடலில் தத்தளிப்பவர்களை மீட்கிற அமைப்புக்குக் கொடுத்தார். அதில் ஒரு மீட்புப் படகு வந்தது. படகின் மேல் இரண்டு பெயர்களை எழுதினார்கள். டோரிஸ், ஹாரி.

வணக்கம்.