அறுபது அட்டைக்கும் ஒரே வேலை

வணக்கம். போகிமான் என்ற கற்பனை உயிரினங்களை மோதவிடும் போகிமான் அட்டை விளையாட்டைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள், சந்தோஷமாக வந்திருக்கிறேன். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு இதை ஆடுகிறேன். பக்கத்தில் நிற்கும் அம்மா அப்பாக்கள் என்னிடம் முதலில் கேட்பது, "தம்பி, எந்த அட்டை வாங்கிக் கொடுத்தா பையன் ஜெயிப்பான்?" ஓர் அட்டையால் ஜெயிக்க முடியாது, அறுபதும் சேர்ந்து ஒரே வேலையைச் செய்ய வேண்டும் என்பதுதான் என் பதில்.

என் தாத்தா ரம்மி ஆடும்போது பார்த்திருக்கிறேன். கையில் ராஜா வந்தாலும் சரி, ராணி வந்தாலும் சரி, வரிசையில் சேராவிட்டால் கூசாமல் கீழே இறக்கிவிடுவார். போகிமானில் அந்த வேலையை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டும். டெக்கில், அதாவது ஆடக் கொண்டுபோகும் அட்டைக் கட்டில், சரியாக 60 அட்டை இருக்க வேண்டும், ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. போகிமான் அடிக்கத் தேவையான சக்தியைத் தரும் பேசிக் எனர்ஜி அட்டை தவிர ஒரே பெயரில் 4 அட்டைக்கு மேல் வைக்க முடியாது. உள்ளே எதைப் போடுவது என்று யோசிப்பதைவிட எதை எடுப்பது என்று யோசிப்பதில்தான் எனக்கு நேரம் போகிறது.

என் முதல் போட்டிக்கு எனக்குப் பிடித்த ஐந்து போகிமான்களையும் ஒரே டெக்கில் வைத்துக்கொண்டு போனேன். நெருப்புக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று. நான்கு சுற்றில் மூன்று தோற்றேன். களத்தில் தண்ணீர்ப் போகிமான் காத்துக்கொண்டிருக்கும், கையில் நெருப்பு எனர்ஜியாக வந்து நிற்கும், ஒரு முறைக்கு ஒரு எனர்ஜிதான் வைக்கலாம் என்பதால் தப்பான நிறம் வந்தால் அந்த முறை அப்படியே போய்விடும். அன்று ராத்திரி எம்ஆர்டி ரயிலில் திரும்பி வரும்போதே மூன்று போகிமான்களை வெளியே எடுத்துவிட்டேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

கணக்கைப் பாருங்கள். ஓர் அட்டையில் நான்கு பிரதி வைத்தாலும் முதல் 7 அட்டைக் கையில் அதில் ஒன்றாவது வர 40 விழுக்காடுதான் வாய்ப்பு. முக்கியமான அட்டையில் ஒரே ஒரு பிரதி வைத்தால் அது ஆறு பரிசு அட்டைகளுக்குள் போய் மாட்டிக்கொள்ள பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. பரிசு அட்டை என்பது தொடக்கத்தில் டெக்கிலிருந்து கவிழ்த்து ஒதுக்கி வைப்பது, எதிராளியின் போகிமானை வீழ்த்தும்போது எடுப்போம், ஆறையும் முதலில் எடுத்தவர் ஜெயிப்பார். ஆட்டத்தைத் தொடங்க முதல் கையில் பேசிக் போகிமான், அதாவது நேராகக் களத்தில் இறக்கக்கூடிய போகிமான், ஒன்றாவது வேண்டும். அதை எட்டு மட்டும் வைத்தால், ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை முதல் கையில் ஒன்றுகூட இருக்காது. கையைக் காட்டிவிட்டுத் திரும்பக் கலைக்க வேண்டும், அதற்காக எதிராளி கூடுதலாக ஓர் அட்டை எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு வைத்தால் அது ஐந்தில் ஒரு தடவையாகக் குறைகிறது. அதனால்தான் நல்ல டெக்கில் பெரும்பகுதி அடிக்கும் போகிமானாக இருக்காது, வேண்டியதைத் தேடி எடுக்கும் அட்டைகள் நிறைய இருக்கும். அல்ட்ரா பால் என்ற அட்டை கையிலிருந்து இரண்டு அட்டையைத் தூக்கிப் போடச் சொல்லும், பதிலுக்கு டெக்கிலிருந்து எந்தப் போகிமானையும் கொண்டு வந்து தரும். பிள்ளைகள் ஆரம்பத்தில் அதைத் தொடவே மாட்டார்கள், இரண்டு அட்டை போகிறதே என்று அழுகை வரும். அப்புறம் அதில்லாமல் ஆட மாட்டார்கள்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாக்கெட்டாக வாங்கிப் பிரித்துக்கொண்டே இருந்தால் டெக் சேராது, காசுதான் கரையும். வேண்டிய அட்டையைத் தனியாக வாங்குங்கள். பளபளவென்று படம் போட்ட விலை உயர்ந்த பிரதியும் சாதாரண பிரதியும் ஆட்டத்தில் செய்வது ஒரே வேலை.

இனி ஆடுவது. டெக்கை முதல் தடவை தேடத் திறக்கும்போது நான் தேடும் அட்டையை மட்டும் பார்க்க மாட்டேன். உள்ளே என்னென்ன இல்லை என்று எண்ணுவேன், கையிலும் களத்திலும் கழித்துப் போட்டதிலும் இல்லாதது பரிசில் இருக்கிறது என்று அர்த்தம். இதை வேகமாகச் செய்ய, டெக்கை மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு அதே 60 அட்டையோடு திரும்பத் திரும்ப ஆட வேண்டும். வாரா வாரம் டெக் மாற்றும் பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

இன்னொன்று பரிசுக் கணக்கு. இஎக்ஸ் என்று பெயரில் வரும் பலமான போகிமான் விழுந்தால் பெரும்பாலும் எதிராளிக்கு இரண்டு பரிசு, ஆக அப்படி மூன்று இஎக்ஸ் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. நடுவில் ஒரே பரிசு தரும் சாதாரண போகிமான் ஒன்றை முன்னால் நிறுத்தி அவரை அடிக்க வைத்தால், அவர் நான்காவதாக ஒன்றையும் வீழ்த்தியாக வேண்டும். அந்த ஒரு முறையில் நான் எத்தனையோ ஆட்டத்தைத் திருப்பியிருக்கிறேன்! ஆனால் கவனமான எதிராளி பாஸஸ் ஆர்டர்ஸ் என்ற அட்டையைப் போட்டு, பின்னால் பெஞ்சில், அதாவது காத்திருக்கும் வரிசையில், உட்கார்ந்திருக்கும் இஎக்ஸை முன்னால் இழுத்துவிடுவார். அதனால் பெஞ்சில் தேவையில்லாமல் இஎக்ஸை இறக்காதீர்கள்.

பெரிய போட்டிகளில் ஒரு சுற்றுக்கு 50 நிமிடம், அதற்குள் மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1. இரண்டு சமன் சேர்ந்தாலும் ஒரு வெற்றிக்கு ஈடில்லை, ஆகவே முதல் ஆட்டம் கைவிட்டுப் போகிறது என்று தெரிந்தால் இழுக்காமல் விட்டுக்கொடுத்துவிட்டு அடுத்ததற்கு நேரத்தை மிச்சம் பிடியுங்கள். போட்டிக்கு முந்தின நாள் ராத்திரி, டெக்கில் இருப்பதை எழுதிய பட்டியலையும் அட்டையையும் ஒன்றொன்றாக ஒத்துப் பாருங்கள். அட்டைக்குப் போட்ட உறை மூலை மடிந்திருந்தால் மாற்றிவிடுங்கள், அடையாளம் வைத்த அட்டை என்று நடுவர் தண்டனை தரலாம்.

டெக் இல்லாத பிள்ளைகள் எங்கள் கீழ்த்தளத்துக்கு வந்தால் ஆடிப் பார்க்க நான் கட்டிய மூன்று டெக் மேசையில் இருக்கும், அம்மா அப்பாவும் உட்கார்ந்து ஆடலாம். வணக்கம்.