நாலு குமாரும் ஒரு படிவமும்

நேயர்களுக்கு வணக்கம். கொழும்பு வடக்கில் பல வருஷம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தவன் நான். பீ.எச்.ஐ. என்றால்தான் உங்களுக்கு விளங்கும்.

தொற்றுநோயை அறிவிப்பதற்கு எச்-544 என்றொரு படிவம் இருக்கிறது. டெங்கு, எலிக்காய்ச்சல் போன்றவை என்று சந்தேகம் வந்தவுடனேயே வைத்தியர் அதை நிரப்பி, நோயாளி குடியிருக்கும் பகுதியின் எம்.ஓ.எச். கந்தோருக்கு, அதாவது சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்துக்கு, அனுப்பவேண்டும். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை பார்த்திருக்கத் தேவையில்லை. ஆனால் பார்த்திருக்கிறார்கள். தனியார் டிஸ்பென்சரிகளிலிருந்து என் கைக்கு வந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

ஒருமுறை படிவத்தில் குமார் என்ற பெயரோடு கொட்டாஞ்சேனைத் தோட்டமொன்றின் முகவரி வந்தது. தோட்டம் என்றதும் மரஞ்செடியை நினைக்காதீர்கள். ஒரு பொதுக்குழாய், அதைச் சுற்றி முப்பது நாற்பது வீடுகள், எல்லாவற்றுக்கும் ஒரே இலக்கம். குழாயடியில் விசாரித்தேன். "எந்தக் குமார் ஐயா? இங்க நாலு குமார் இருக்கு." ஆளைக் கண்டுபிடித்தபோது பொடியன் ஆஸ்பத்திரியால் திரும்பி வந்து பந்தடித்துக்கொண்டிருந்தான். கூரைத் தகரம் பறக்காமலிருக்க மேலே போட்டிருந்த பழைய டயருக்குள் நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. முட்டை நுளம்பாகிப் பறக்க ஒரு கிழமை, மிஞ்சினால் பத்து நாள். படிவம் என் மேசைக்கு வரப் பன்னிரண்டு நாள். அதற்குள் அடுத்த வீட்டுப் பிள்ளையும் வோர்ட்டில்.

புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்யும் மலையகப் பொடியன்கள் அடையாள அட்டையில் உள்ள முகவரியைத்தான் கொடுப்பார்கள். படிவம் ஹட்டனுக்குப் போய்விடும், கடித்த நுளம்பு கடையின் மேல்மாடியிலேயே இருக்கும்.

2017இல் நாடு முழுக்க 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாக அறிவிக்கப்பட்டார்கள். படிவங்கள் கட்டுக்கட்டாக வந்தன. பதிவேட்டில் எழுதி, வாராந்த அறிக்கை தயாரித்து மேலே அனுப்பவே பொழுது சரியாகிவிடும். தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த வெளியீட்டில் கொழும்பு மாவட்டத்துக்கு இத்தனை பேர் என்று அச்சாகி வரும். அந்த எண்ணிக்கை அமைச்சுக்கு உதவும். எனக்கு வேண்டியது ஒழுங்கைக் கணக்கு. டெங்கு நுளம்பு சில நூறு மீற்றருக்கு அப்பால் போவது அபூர்வம். எந்த ஒழுங்கை என்று தெரியாவிட்டால் புகையடிப்பதெல்லாம் வெறும் வேடிக்கை. கடைசியில் சுவரில் ஒரு வரைபடத்தை ஒட்டிக் குண்டூசி குத்தத் தொடங்கினேன். குண்டூசி என் சொந்தக் காசு!

இப்போது கணினி வழியாகவும் தகவல் வருகிறது, நல்லதுதான். ஆனால் வோர்ட்டில் சொன்ன முகவரி பிழையென்றால் கணினியும் அந்தப் பிழையைத்தான் அனுப்பும். ஆகவே வோர்ட்டில் முகவரி கேட்டால், கடந்த இரண்டு கிழமை எங்கே படுத்தெழும்பினீர்களோ அந்த இடத்தைச் சொல்லுங்கள். பக்கத்துக் கோயில், கடை, வீட்டுக்காரர் உங்களைக் கூப்பிடும் பெயர், கைபேசி இலக்கம் எல்லாம் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கட ஆள் குழாயடியில் நின்று நாலு குமாரை விசாரிக்கத் தேவையிருக்காது.