எத்தனையாவது வந்தீர்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

மார்கழிப் பனிக்கே காதை மூடிக்கொண்டு நடைப்பயிற்சிக்குப் போகிற ஊர் நம் ஊர். இங்கே உட்கார்ந்துகொண்டு, வெண்பனியில் 90 கிலோமீட்டர் சறுக்கிப் போகும் பந்தயத்தைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். அழைத்தவர் தொலைபேசியிலேயே கேட்டுவிட்டார்: "பனிச்சறுக்கு என்றால் மலை உச்சியிலிருந்து சர்ரென்று இறங்குவதுதானே அம்மா?" அது வேறு, இது வேறு. அதில் மேலே கொண்டுபோய்விட ரோப் கார் இருக்கும். இறங்குவது மட்டும்தான் உங்கள் வேலை. இதில் காடு, வயல், உறைந்த ஏரி, மேடு, பள்ளம் எல்லாமே உங்கள் பாடு. மேடு வந்தால் நீங்களேதான் ஏறியாக வேண்டும். இரண்டு கைகளிலும் நீளமான கோல்களைப் பிடித்து, பனியில் குத்திக் குத்தி உடம்பைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஓட்டக்காரருக்குக் கால் பிடித்துக்கொள்ளும். எங்களுக்குக் கால், தோள், முதுகு, வயிறு என்று எங்கே பிடித்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

வானொலியில் படம் காட்ட முடியாது. இருந்தாலும் அந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஸ்கீ என்பது ஆள் உயரத்தைவிடச் சற்று நீளமான, மூன்று விரல் அகலம்கூட இல்லாத ஒரு பலகை. காலணியின் முன்நுனி மட்டும் அதில் மாட்டியிருக்கும். குதிகால் தாராளமாக எழும்பும். பலகையின் நடுப்பகுதி லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். இரண்டு காலிலும் சமமாக நின்றால் அந்த நடுப்பகுதி பனியில் அழுந்தாது. முழு எடையையும் ஒரு காலில் போட்டால்தான் அழுந்தும். அந்த இடத்தில் மட்டும் பிடிமானம் தரும் மெழுகைப் பூசியிருப்போம். அழுத்தினால் பிடிக்கும், விட்டால் வழுக்கும். சமையலறையில் நின்றபடி கேட்டுக்கொண்டிருப்பவர்கள் ஒரு காலைத் தூக்கிவிட்டு மறு காலில் பாரத்தைப் போட்டுப் பாருங்கள். தடுமாறாமல் நிற்கத் தெரிந்தால் பாதி வித்தை வந்துவிட்டது. காலைப் பக்கவாட்டில் தள்ளிப் போகும் இன்னொரு பாணியும் உண்டு. 1980களில் பரவியது, வேகம் அதிகம். எனக்குத் தெரிந்தது பழைய பாணி. அதைப் பற்றியே பேசுகிறேன்.

கணவரின் வேலைக்காகச் சில ஆண்டுகள் ஸ்வீடனில் இருந்தோம். அங்கேதான் இந்தப் பித்துப் பிடித்தது. விடுமுறைக்குச் சென்னை வந்து, பந்தயத்தில் கலந்துகொண்டேன் என்று சொன்னால் போதும். பெரியம்மா முதல் பால்காரர் வரை எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எத்தனையாவது வந்தாய்?" பள்ளியில் ரேங்க் அட்டையில் ஆரம்பித்த கேள்வி, நம்மை எங்கே விடப்போகிறது? நானும் உண்மையைச் சொல்லிவிடுவேன்: "எனக்கு முன்னால் பல ஆயிரம் பேர், எனக்குப் பின்னாலும் சில ஆயிரம் பேர்." பெரியம்மாவின் முகம் வாடிவிடும்.

அந்தப் பந்தயத்தின் பெயர் வாசாலொப்பெட். மார்ச் மாதத்து முதல் ஞாயிறு, சேலன் என்ற கிராமத்துக்கு அருகிலிருந்து மோரா என்ற ஊர் வரை 90 கிலோமீட்டர். அதன் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பாதி வரலாறு, பாதி ஊர்க்கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1520இல் டென்மார்க் மன்னன் ஸ்டாக்ஹோமில் பிரபுக்கள் பலரைக் கொன்று குவித்தான். தப்பியோடிய குஸ்தாவ் வாசா என்ற இளைஞன் மோராவுக்கு வந்து, கிளர்ச்சி செய்ய வாருங்கள் என்று மக்களைக் கூப்பிட்டான். அவர்கள் தயங்கினார்கள். வெறுத்துப்போய் நார்வே எல்லையைப் பார்த்துப் போய்விட்டான். பிறகு மனம் மாறிய மோராக்காரர்கள், ஊரிலேயே நன்றாகச் சறுக்கத் தெரிந்த இருவரை அவன் பின்னால் அனுப்பினார்கள். சேலனில் அவனைப் பிடித்துத் திரும்ப அழைத்து வந்தார்கள். 1523இல் அவன் ஸ்வீடனின் அரசன். நானூறு ஆண்டு கழித்து ஆண்டெர்ஷ் பெர்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியர், அந்தப் பாதையிலேயே ஒரு பந்தயம் நடத்தலாமே என்று எழுதினார். 1922இல் தொடங்கியது. முதல் ஆண்டு வென்றவர் எர்ன்ஸ்ட் ஆல்ம், 22 வயது. ஏழரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். 2021இல் அந்தத் தூரத்தை 3 மணி 28 நிமிடத்தில் கடந்துவிட்டார்கள்.

மூன்றரை மணி நேரத்தில் போகிற அந்த வீரரும், பொழுது சாய்ந்த பிறகு மோராவுக்குள் நுழையும் என்னைப் போன்றவர்களும் ஒரே நாளில், ஒரே தடத்தில் போகிறோம். பதினைந்தாயிரம் பேருக்கு மேல். கிரிக்கெட்டில் சேப்பாக்கம் ஆடுகளத்துக்குள் உங்களை விடுவார்களா? இங்கே விடுகிறார்கள். எத்தனையாவது என்ற கேள்வி அந்தக் கூட்டத்தில் நின்று பார்த்தால் எவ்வளவு சின்னதாகத் தெரியும் என்று பெரியம்மாவுக்கு விளக்க எனக்கு இன்னும் தெரியவில்லை.

தொடக்கம் காலை 8 மணிக்கு. ஆனால் விடியும் முன்பே ஜனம் வந்து, தன் ஸ்கீயைத் தடத்தில் வைத்துவிட்டு, குளிருக்கு ஒதுங்கப் போய்விடும். நம் ஊர் வெளியூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அதேதான். ஸ்வீடன்காரர்கள் கட்டுப்பாடானவர்கள் என்பதெல்லாம் அந்த அதிகாலையில் எடுபடாது. தொடங்கியவுடனே நீண்ட ஏற்றம். அகலமான வெளியில் நிற்கும் கூட்டம் முழுவதும் அங்கே ஒடுங்கி நெருக்கும். பின்வரிசைக்காரர்களுக்கு முதல் மூன்று நான்கு கிலோமீட்டரே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அடுத்தவர் ஸ்கீயை மிதிப்பதும், கோல் முறிவதும் அங்கேதான். யாரும் திட்டமாட்டார்கள். மன்னிப்புக் கேட்டே களைத்துப்போவார்கள்.

வழியில் நிறுத்தங்கள். ஒவ்வொன்றிலும் சூடான புளூபெர்ரி சூப். கருநீல நிறம், கொஞ்சம் கெட்டியாக, இனிப்பும் புளிப்புமாக இருக்கும். கையுறையோடு காகிதக் கோப்பையைப் பிடித்தால் பாதி சட்டையில் ஊற்றும். உதடு, பல், நாக்கு எல்லாம் நீலம். வழியெங்கும் பனியில் ஊதாக் கறை. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு கெடு உண்டு. அதற்குள் வரவில்லையென்றால் மரியாதையாக நிறுத்தி, பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். பதக்கத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: வென்றவரின் நேரத்தோடு அதில் பாதியைக் கூட்டுங்கள், அதற்குள் வந்தால்தான் பதக்கம். எனக்குக் கிடைத்ததில்லை, கிடைக்கப் போவதுமில்லை.

இப்போது சொல்லப்போவதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. என் பேச்சைக் கேட்டுப் பழகியவர்கள் "ஆரம்பித்துவிட்டாள்" என்பார்கள், பரவாயில்லை. 1923இல், பந்தயத்தின் இரண்டாம் ஆண்டிலேயே, மார்கித் நோர்தீன் என்ற உடற்பயிற்சி ஆசிரியை அந்த 90 கிலோமீட்டரையும் முடித்தார். பத்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டார். மறு ஆண்டே பெண்களுக்குத் தடை! பெண்ணின் உடம்புக்கு ஆகாது என்றார்கள். ஒருத்தி முடித்துக் காட்டிய பிறகு வந்த தடை இது என்பதைக் கவனியுங்கள். இத்தனைக்கும் 1921இலேயே ஸ்வீடன் பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்துவிட்டார்கள். அதே 1921இல்தான் நம் சென்னை மாகாணமும், சொத்துள்ள பெண்களுக்கு மட்டுமே என்றாலும், வாக்குரிமை தந்தது. நாட்டை ஆள ஆளைத் தேர்ந்தெடுக்கலாம், பனியில் சறுக்கக் கூடாது. தடை எப்போது நீங்கியது தெரியுமா? 1981இல். இடையில் சில பெண்கள் ஆண்களைப் போல் உடுத்துக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாகப் போனதும் உண்டு. ஸ்வீடனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒலிம்பிக் மாரத்தானில் பெண்களை ஓடவிட்டதே 1984இல்தான்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் அம்மாள் இருந்தார். அங்கே வயது வித்தியாசம் இல்லாமல் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு நாக்கு வராது, மனதுக்குள் பாட்டி என்றே வைத்துக்கொண்டேன். எனக்கு ஸ்கீ கற்றுத் தந்தவர் அவர்தான். இளம் வயதில் பிப்ரவரி முழுவதும் கணவரோடு அந்தப் பாதையில் பயிற்சிக்குப் போவாராம். எந்த ஏற்றம் எங்கே திரும்பும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பந்தய நாளில் மட்டும், காரில் முன்னால் போய், ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிளாஸ்க்கையும் உலர்ந்த கையுறையையும் வைத்துக்கொண்டு கணவருக்காகக் காத்து நிற்பார். கணவரைவிடத் தானே வேகம் என்பது இருவருக்குமே தெரியும். 1981 வந்தது. பாட்டி எண் அட்டையைக் கட்டிக்கொண்டு தடத்தில் இறங்கினார். அந்த ஆண்டு பிளாஸ்க்கோடு நின்றது கணவர். காப்பி ஆறிப்போயிருந்ததாம். "இத்தனை வருடம் நான் கொடுத்த காப்பி ஒரு தடவையாவது ஆறியிருந்ததா?" என்று அவரை என் முன்னாலேயே கேட்பார். அந்தப் பெரியவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார். பாட்டி எத்தனையாவது வந்தார் என்று நான் கேட்டதே இல்லை.

மோராவில் இன்னொன்று: முதலில் வருபவருக்கு, உள்ளூர்ப் பாரம்பரிய உடையில் ஒரு பெண் எல்லைக்கோட்டுக்கு முன்பே மாலை போடுவார். பெண்களில் முதலில் வருபவருக்கு இப்போது ஓர் இளைஞர் மாலையோடு நிற்கிறார். பாட்டிக்கு அதைப் பார்ப்பதில் தனி மகிழ்ச்சி.

நார்வேக்காரர்களின் பந்தயத்தில் இன்னும் வேடிக்கை. பிர்கெபெய்னர் என்று பெயர். ரேனாவிலிருந்து லில்லெஹாமர் வரை 54 கிலோமீட்டர், மலைமேல். ஒவ்வொருவரும் முதுகில் குறைந்தது மூன்றரை கிலோ சுமந்தே போக வேண்டும். 1206இல், எதிரிகளிடமிருந்து காப்பாற்ற, இரண்டு வீரர்கள் ஹோகோன் என்ற அரச குழந்தையைப் பனிமலை தாண்டித் தூக்கிப் போனார்களாம். அந்தக் குழந்தையின் நினைவாக அந்தச் சுமை. மூன்றரை கிலோ எடையுள்ள குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமைத்து, துவைத்து, கடைக்கும் போய்வந்த பெண்கள் நம் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் நினைவுப் பந்தயம் நடத்தவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மெழுகு. கற்றுக்குட்டிக்கும் வீரருக்கும் ஒரே கவலை இதுதான். கடுங்குளிருக்குப் பச்சை, அதற்கு அடுத்தது நீலம், உறைநிலையை ஒட்டி ஊதா, அதற்கு மேல் சிவப்பு. உருகி மறுபடி உறைந்த பனிக்கு, டியூபில் வரும் பசை. கையில் பட்டால் சோப்புக்கு அசையாது. பந்தயத்துக்கு முந்தைய இரவு ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சு. காலையில் மைனஸ் 6, மதியம் வெயில் அடித்தால் என்ன செய்வது? பாட்டியின் முறை: ஒரேயடியாகத் தடிப்பாகப் பூசக் கூடாது. மெல்லிசாகப் பூசி, கார்க்கால் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, விரலை ஓட்டினால் திட்டுத் திட்டாகத் தட்டுப்படாமல் இருக்க வேண்டும். அடிப்பாகம் வழுக்குவதற்குப் பூசும் மெழுகில் ஃபுளோரின் சேர்த்தது ஒன்று இருந்தது. விலையும் அதிகம், வேகமும் அதிகம். மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கிவிடும் சேர்மங்கள் என்பதால், சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் 2023-24 பருவத்திலிருந்து தன் போட்டிகளில் அதைத் தடை செய்துவிட்டது. நல்ல காரியம். காசு கொடுத்து வேகம் வாங்குவது எனக்குப் பிடிக்காது.

சென்னையில் எப்படிப் பயிற்சி என்று கேட்பீர்கள். சக்கரம் வைத்த ஸ்கீ இருக்கிறது. முழங்கால் உயரத்தைவிடச் சற்று நீளமான தண்டு, இரு முனையிலும் ரப்பர்ச் சக்கரம், பிரேக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை இருட்டு விலகும் முன்பு கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள்காரர்களுக்கு இடையில் என்னைப் பார்த்திருக்கலாம். சிமென்ட் சாலையில் கோலின் நுனி வழுக்கும். தார்ச் சாலைதான் சரி. வேகத்தடை வந்தால் இறங்கி நடக்க வேண்டியதுதான். நாய்களுக்கு இரண்டு கோல் வைத்திருக்கும் ஆளைக் கண்டால் ஆவதில்லை. டீக்கடைக்காரர் ஒருவர் ரொம்ப நாள் பார்த்துவிட்டு, பரிவோடு கேட்டார்: "கால் எப்போது அம்மா சரியாகும்?" ஏழு மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும், வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். பனி குறைந்துவருவதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாக: அமெரிக்காவில் விஸ்கான்சினில் அந்த நார்வேப் பந்தயத்தின் பெயரிலேயே நடக்கும் பிர்கெபெய்னர், 2017இல் ரத்தானது, 2024இல் இயந்திரம் செய்த பனியில் 10 கிலோமீட்டர் வளையத்தையே சுற்றிச் சுற்றி வரவேண்டியிருந்தது. வாசாலொப்பெட்டே 1990இல் பனியில்லாமல் நடக்கவில்லை. இந்தியாவிலிருந்து ஜகதீஷ் சிங் 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 15 கிலோமீட்டர் போட்டியில் கலந்துகொண்டார். அவரைப் பற்றியும் சொல்ல நேரமில்லை.

ஆர்வம் உள்ளவர்களுக்கு இரண்டு வார்த்தை. பனியில் நிற்கப் பழக காஷ்மீரின் குல்மார்க், உத்தராகண்டின் அவுலி இரண்டு இடங்களிலும் பயிற்சி வகுப்புகள் உண்டு. வெளிநாடு போகிறவர்கள் முதல் முறையே 90 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுக்காதீர்கள். சுவிட்சர்லாந்தின் எங்காடின் 42 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். பள்ளி விடுமுறை, அலுவலக விடுப்பு ஒத்துவராதவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் ஆகஸ்டிலேயே ஒன்று இருக்கிறது. ஸ்கீயையும் கோலையும் வாடகைக்கு எடுங்கள். காலணி மட்டும் சொந்தமாக இருக்கட்டும், அதையும் தடித்த காலுறை போட்டுப் பார்த்து வாங்குங்கள். கையுறை இரண்டு ஜோடி. முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், குளிரில் உறைந்துவிடும். அங்கே கிடைக்கும் களிம்பையே... சரி, சரி, முடித்துவிட்டேன். வணக்கம்.