புகைபோக்கியின் வாயிலா, மூக்கின் அருகிலா?

வணக்கம். தூய காற்று பற்றிய ஆங்கிலச் சொற்களை ஜெர்மனில் மொழிபெயர்க்கும்போது எங்கெங்கே தடுக்கி விழுகிறோம் என்பதைப் பற்றி இன்று பேசுகிறேன். எனக்குப் பெரிய அடி கிடைத்த இடத்திலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

திரையில் ஒரு வாக்கியம் தெரிகிறது. "பள்ளியின் சுற்றுச்சுவர் அருகே தொழிற்சாலையின் எமிஷன் அளவு வரம்பை மீறக் கூடாது" என்பது அதன் பொருள். மொழிபெயர்ப்புத் தொழிலுக்கு வந்த புதிதில், எமிஷன் என்பதற்கு ஜெர்மனில் எமிஸியோன் என்று அச்சு அசலாக ஒரு சொல் இருக்கிறதே என்ற நம்பிக்கையில், அதையே எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் வாடிக்கையாளரின் பொறியாளர் ஒரே ஒரு கேள்வியுடன் அதைத் திருப்பி அனுப்பினார்: "அளவிடும் கருவி எங்கே இருக்கிறது?"

கேள்வி முழுவதும் அந்த "எங்கே" என்பதில்தான் இருக்கிறது. புகைபோக்கியின் வாயிலிருந்தோ வண்டியின் புகைக்குழாயிலிருந்தோ வெளியேறுவது எமிஸியோன். அதுவே காற்றில் கலந்து பரவி, மனிதரையும் விலங்கையும் செடியையும் மண்ணையும் வந்தடைந்து தாக்கும்போது அதன் பெயர் இமிஸியோன். 1974-இல் வந்த ஜெர்மனியின் கூட்டாட்சிச் சட்டத்தின் பெயரிலேயே இந்த இரண்டாவது சொல் இருக்கிறது: புண்டெஸ்-இமிஸியோன்ஸ்ஷுட்ஸ்கெஸெட்ஸ். அதன் 3-ஆம் பிரிவு இரண்டையும் தனித்தனியே வரையறுக்கிறது; இமிஸியோன் என்பதில் காற்று மாசுடன் இரைச்சல், அதிர்வு, ஒளி, வெப்பம் ஆகியவற்றையும் அது சேர்த்துக்கொள்கிறது. பள்ளியின் சுவரருகே கருவி வைத்து அளப்பது இமிஸியோன்தான். நான் எழுதி அனுப்பிய வாக்கியமோ பள்ளிக்கூடமே புகை விடுகிறது என்ற தோற்றத்தைத் தந்துவிட்டது.

ஆங்கிலத்தில் இந்த இரண்டாவது சொல் அன்றாடப் புழக்கத்தில் இல்லாததால், எழுதுபவர் சில நேரம் ஆம்பியன்ட் கான்சென்ட்ரேஷன், அதாவது சுற்றுப்புறக் காற்றில் உள்ள செறிவு என்பார், சில நேரம் ஏர் குவாலிட்டி என்பார், அவசரத்தில் இரண்டுக்கும் எமிஷன் என்றே எழுதிவிடுவார். எனவே சொல்லைப் பார்த்து மொழிபெயர்க்காமல் இடத்தைப் பார்த்து மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. டே ஆ லுஃப்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படும், காற்றைத் தூய்மையாக வைத்திருப்பதற்கான ஜெர்மனியின் நிர்வாக விதித்தொகுப்பு 1964-இல் முதலில் வந்தது, கடைசியாக 2021-இல் திருத்தப்பட்டது. அதில் இமிஸியோன் மதிப்புகள் ஒரு பகுதியிலும் எமிஸியோன் வரம்புகள் வேறொரு பகுதியிலும் இருக்கின்றன. சொல் மாறினால் வாசகர் தவறான பகுதியைத் திறந்து தவறான எண்ணை எடுத்துக்கொள்வார். தமிழிலும் நமக்கு உமிழ்வு என்ற ஒரு சொல்தான் கைவசம் இருக்கிறது. என் குறிப்பேட்டில் மற்றதை "வந்தடையும் மாசு" என்று எழுதி வைத்திருக்கிறேன், இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்வேன்.

அடுத்தது, ஏர் பொல்யூஷன் கன்ட்ரோல். இதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால், காற்று மாசைச் சோதித்துப் பார்ப்பது என்று பொருள்படும் ஒரு நொண்டித் தொடர்தான் ஜெர்மனில் கிடைக்கும். துறையில் இருப்பவர்கள் சொல்வது லுஃப்ட்ரைன்ஹால்டுங், அதாவது காற்றைத் தூய்மையாக வைத்திருத்தல். ஆங்கிலம் அழுக்கைப் பெயர் சொல்லி அழைக்கும் இடத்தில் ஜெர்மன் தூய்மையைப் பெயர் சொல்லி அழைப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் 1985-ஆம் ஆண்டு விதிமுறையும் லுஃப்ட்ரைன்ஹால்டே என்ற இதே வேரிலிருந்துதான் பெயர் பெற்றது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008/50 எண்ணுள்ள சட்ட ஆணையின் தலைப்பையும் பாருங்கள். ஆங்கிலத் தலைப்பில் ஆம்பியன்ட் ஏர் குவாலிட்டி என்றும், ஐரோப்பாவுக்கு "மேலும் தூய" காற்று என்றும் இருக்கிறது. ஜெர்மன் தலைப்பில் ஆம்பியன்ட் என்பதற்கு ஈடாக எதுவும் இல்லை. "மேலும்" என்பதும் போய், வெறும் தூய காற்று என்றே நிற்கிறது. காற்றைக் குறிக்கும் லுஃப்ட் என்றாலே அடிவளிமண்டலத்தில் உள்ள வெளிப்புறக் காற்று என்று உள்ளே வரையறுத்துவிட்டதால் அங்கே அடைமொழி தேவைப்படவில்லை. மற்ற நூல்களில் உம்கேபுங்ஸ்லுஃப்ட், அதாவது சுற்றுப்புறக் காற்று என்று எழுதுவது பிழையல்ல. ஆனால் இந்த ஆணையை மேற்கோள் காட்டும்போது நம் விருப்பத்துக்கு அடைமொழி சேர்க்கும் உரிமை நமக்கு இல்லை.

நுண்துகள்கள் விஷயத்தில் சிக்கல் வேறு மாதிரியானது. ஆங்கிலத்தில் ஃபைன் பார்ட்டிகிள்ஸ் என்றால் 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்டவை, 2.5-க்கும் 10-க்கும் இடைப்பட்டவை கோர்ஸ், அதாவது பருமனானவை. ஜெர்மன் செய்திகளில் ஃபைன்ஷ்டவுப் என்றால் பெரும்பாலும் பி.எம். 10, அதாவது 10 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள்கள் முழுவதும் அதில் அடங்கிவிடும். ஆகவே "பி.எம். 10-உம் ஃபைன் பார்ட்டிகிள்ஸும்" என்பதை "பி.எம். 10-உம் ஃபைன்ஷ்டவுபும்" என்று எழுதினால், பசுவும் மாடும் வந்தன என்று சொன்னது போல ஆகிவிடும். நான் ஒவ்வொரு முறையும் எண்ணையும் உடன் எழுதிவிடுகிறேன், அதுவும் புள்ளி போடாமல் ஜெர்மன் வழக்கப்படி இரண்டு, காற்புள்ளி, ஐந்து என்று. அந்தச் சின்னக் காற்புள்ளியை மறந்த மொழிபெயர்ப்பை முதல் பார்வையிலேயே அடையாளம் கண்டுவிடலாம்.

வழிகாட்டுதலைக் குறிக்கும் கைட்லைன் என்ற சொல்லில் இன்னும் எச்சரிக்கை தேவை. அகராதியில் முதலில் கண்ணில் படும் ரிஹ்ட்லீனியே என்ற சொல்தான், உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஆணைக்கும் பெயர். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பி.எம். 2.5-க்கு ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று பரிந்துரைத்தது. 2008-ஆம் ஆண்டு ஆணையின் வரம்போ 25. பரிந்துரையை ரிஹ்ட்லீனியே என்று எழுதினால், அந்த 5 சட்டமாகிவிட்டது என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். ஆவணத்துக்கு லைட்லீனியே, அதிலுள்ள எண்ணுக்கு ரிஹ்ட்வேர்ட், சட்ட வரம்புக்கு மட்டும் கிரென்ட்ஸ்வேர்ட் என்று பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

கட்டடங்களுக்கு உள்ளே போனால் மறுபடியும் அதே "எங்கே" தான். காற்றோட்ட அமைப்பில் அறையிலிருந்து இழுக்கப்படும் காற்று அப்லுஃப்ட். காற்றோட்டக் கருவியைக் கடந்து கட்டடத்துக்கு வெளியே தள்ளப்படும் காற்று ஃபோர்ட்லுஃப்ட். ஆங்கிலத் தரநிலைகள் இவற்றை எக்ஸ்ட்ராக்ட், எக்ஸாஸ்ட் என்று ஒழுங்காகப் பிரித்தாலும், விற்பனைக் கையேடுகள் இரண்டையும் எக்ஸாஸ்ட் என்றே எழுதுகின்றன. சென்ற வாரம் வந்த உதிரிப்பாகப் பட்டியலில் "எக்ஸாஸ்ட் ஃபில்டர்" என்று மட்டும் இருந்தது, வரைபடம் இல்லை. இம்முறை நானே அந்தப் பழைய கேள்வியை எழுதி அனுப்பினேன்: வடிகட்டி எங்கே இருக்கிறது? அறையிலிருந்து வரும் குழாய் கருவியில் நுழையும் வாயில் என்று பதில் வந்தது. அப்லுஃப்ட்ஃபில்டர் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.