எழுந்திருக்கணுமாப்பா?

நேயர்களுக்கு வணக்கம். பதினோரு வருடம் உல்லாசக் கப்பல்களில் பரிமாறிவிட்டு, இப்போது ராயபுரத்தில் வீட்டோடு இருக்கிறேன். 2022 ஜூனில் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே ஒரு உல்லாசக் கப்பல் கிளம்பியது. அன்றிலிருந்து, தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். டிக்கெட்டிலேயே மூன்று வேளைச் சாப்பாடு இருக்கிறதே, அப்புறம் தனியாகக் காசு கொடுத்து ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரண்டில் எதற்குச் சாப்பிடணும்?

நியாயமான கேள்விதான். எங்கள் தாத்தா ரஜூலா கப்பலில் பினாங்கு போனவர். மேல்தளத்தில் பாய் விரித்து, கட்டுச்சோற்றுடன் போன பயணம். 1926 முதல் 1973 வரை நம் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச்சென்ற கப்பல் அது. கப்பலில் தனிக் காசு வாங்கும் உணவகம் என்பதும் புதிதில்லை. 1905லேயே 'அமெரிக்கா' என்ற ஜெர்மன் கப்பலில் வந்துவிட்டது, டைட்டானிக்கிலும் இருந்தது. யாருக்காக என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, எதற்குக் காசு? நான் வேலை பார்த்த இத்தாலிய உணவகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரிசோட்டோ என்று ஒரு அரிசிப் பண்டம். கொதிக்கும் சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, பதினெட்டு நிமிடம் பக்கத்திலேயே நின்று கிளற வேண்டும். கீழே பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே நேரத்தில் ஆயிரம் பேர். அங்கே யார் நின்று கிளறுவது? எங்களிடம் நூறு பேர் உட்கார்ந்தால் அதிகம். நீங்கள் சொன்ன பிறகுதான் அரிசியே சட்டிக்குப் போகும். நீங்கள் கொடுக்கும் காசு அந்தப் பதினெட்டு நிமிடத்துக்கு.

ஒன்று சொல்லிவிடுகிறேன், சைவக்காரர்கள் கவனிக்கவும். அந்தச் சாறு பெரும்பாலும் கோழிச் சாறு. மேலே தூவும் பார்மேசான் சீஸில் பாலைத் திரிய வைக்க, கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் இருக்கும். கப்பல் ஏறிய அன்றைக்கே சொல்லிவிட்டால் வேறு ஏற்பாடு செய்வார்கள். மேசையில் உட்கார்ந்தபின் சொன்னால் எங்களுக்குத்தான் திண்டாட்டம். உப்பிய புல்கா மட்டும் கேட்காதீர்கள். தீப்பிடிக்கும் பயத்தால் எங்கள் கப்பலில் காஸ் அடுப்பே கிடையாது, எல்லாம் மின்சாரம்.

நம்மவர்களுக்குப் பரிமாறுவதில் எனக்கு எப்போதும் ஒரு தடுமாற்றம் உண்டு. நமக்கு இலை போட்டால் கூட்டு, பொரியல், அப்பளம் எல்லாம் கண்முன்னே இருக்கணும். அங்கேயோ ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய ஒரு பயணத்தில், மயிலாப்பூர்க் குடும்பம் ஒன்று வந்தது. கூட ஒரு பாட்டி. சூப் முடிந்ததும் கிண்ணத்தை எடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த சின்ன உலோகத் தகட்டால் மேசைவிரிப்பில் சிந்தியிருந்த ரொட்டித் துகளை வழித்தேன். அது வழக்கம். பாட்டி கையை மடியில் வைத்துக்கொண்டு, "எழுந்திருக்கணுமாப்பா?" என்றார்.

இலையை எடுக்கிறேன் என்று நினைத்துவிட்டார்! "இல்ல பாட்டி, இப்பதான் ஆரம்பம்" என்றேன். ரிசோட்டோ வந்தது, காய்ச்சாற்றில் செய்தது, சீஸ் இல்லாமல். ஒரு வாய் வைத்தார். "அரிசி அரிசியா இருக்கே. இன்னும் ரெண்டு கொதி விடச் சொல்லு."

நடுவில் கொஞ்சம் கடித்துப் பார்க்கும்படி இருப்பதுதான் அதன் பக்குவம். விளக்கலாமா என்று யோசித்தேன். பேசாமல் உள்ளே கொண்டுபோனேன். இத்தாலிக்காரச் செஃப் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனாலும் கிளறினார்.

கடைசி நாள் பாட்டி, பேரனிடம் நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அன்று ராத்திரி பன்னிரண்டரைக்கு, ஊழியர் மெஸ்ஸில் நாங்கள் ஐந்து பேர், ஆறிப்போன சோறு. விடிவதற்குள் பாட்டில் காலி.